நான் வெட்டாமல் விட்ட பத்தடிக் கரை

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், மலைக்காட்டிலிருந்து ஒரு சிற்றாறு இறங்கி வருகிறது. ஞாயிறுதோறும் நாங்கள் பன்னிரண்டு பேர் கூடி கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுவேலை செய்து அதைச் சுத்தப்படுத்துகிறோம். பிளாஸ்டிக், டயர், ஒருமுறை முழு மெத்தையையே வெளியே தூக்கிப் போட்டிருக்கிறோம்.

சென்ற ஆண்டு எங்களுக்கு உற்சாகம் கூடிவிட்டது. கரையிலிருந்த புல், பெரணி, புதர் எல்லாவற்றையும் வழித்தெடுத்தோம். எனக்கு மூட்டுவலி. என் பங்கில் பத்தடி அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, உங்க இடம் மட்டும் காடு மாதிரி கிடக்குலா," என்றார் குழுவை நடத்தும் குமார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் மலையில் கனமழை. வேலை முடிந்து வந்து பார்த்தால், நாங்கள் வழித்த கரை சரிந்து, மண் ஆற்றுக்குள் கிடந்தது. கரையோர நடைபாதையிலும் பாதி போயிருந்தது. நல்லவேளை, அப்போது அதில் யாரும் நடக்கவில்லை. என் பத்தடி மட்டும் அசையாமல் இருந்தது.

குமார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "மண்ணைப் புடிச்சிக்கிட்டு இருந்ததைத்தான் நாம புடுங்கிட்டோம்கா."

இப்போது நாங்கள் கத்தி கொண்டுபோவதில்லை. குப்பையை மட்டும் பொறுக்குகிறோம். சரிந்த இடத்தில், என் பத்தடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்த செடிகளை நட்டோம். இந்த ஆண்டு மழையில் ஆறு கரையின் விளிம்பைத் தொட்டு ஓடியது. கரை சரியவில்லை.

"ஏன் இப்படிப் புதரா விட்டிருக்கீங்க?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கிறார்கள்.

"சும்மா விடல. நாங்க நட்டது," என்கிறேன்.