டிரைவர் சீட்டில் கிழங்கு மூட்டை

முகத்தை நேராகப் பார்த்துப் பேசாத ஆளை நான் நம்புவதில்லை. பால்காரரிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் இதுதான் என் அளவுகோல். அப்படியிருக்க, கட்டிய கணவரே போன மழைக்காலத்திலிருந்து என்னை ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தால் நான் என்ன நினைப்பேன்? காபி டம்ளரை நீட்டினால் என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டே வாங்குவார். மனுஷன் எதையோ மறைக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதை மறைக்கிறார் என்பதில்தான் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் எங்கள் கார் ஷெட்டில் போய் நின்றது. குன்னூருக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில் எங்கள் வீடு. ஷெட்டில் இருப்பது என் அப்பாவின் பழைய அம்பாசிடர். அப்பா போனபின் தோட்டம் அண்ணன்களுக்குப் போனது, கார் எனக்கு வந்தது. வந்ததே தவிர, அன்றிலிருந்து அதை ஓட்டியதெல்லாம் இவர்தான். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவள் நான். தவறாமல் புதுப்பித்தும் வருகிறேன். ஆனாலும் மலை ரோட்டில் ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டார். "அம்பாசிடர் ஸ்டீரிங் புள்ள, கையக் கழட்டிப்போடும்" என்பார்.

பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் ஒரு தாடிக்காரப் பையன் கோயம்புத்தூரிலிருந்து இரண்டு தடவை வந்துபோனான். ஒல்லியான உடம்பு. காரைச் சுற்றிச் சுற்றி வந்து படமெடுத்தான். "விக்கறதா இருந்தா எனக்குத்தான் சொல்லோணுங்க சார்" என்று இவரிடம் கேட்டுக்கொண்டான். காருக்குச் சொந்தக்காரி நான் காபித் தட்டோடு அங்கேதான் நிற்கிறேன்! அதற்குப் பிறகு இவர் கோயம்புத்தூருக்கு அடிக்கடி கிளம்பினார், அதுவும் பஸ்ஸில். காரை வீட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எதற்கு என்று கேட்டேன்.

"வண்டி எடப்பக்கமா இழுக்குது புள்ள. சாமான் வாங்கோணும்."

இழுத்தது உண்மைதான். ஃபேக்டரி ரோட்டில் பாலத்துச் சுவரில் சக்கரத்தை உரசிவிட்டு வந்திருந்தார். காட்டெருமை குறுக்கே வந்துவிட்டதாம். அந்தக் காட்டெருமையையும் நான் முழுசாக நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கடப்பாறை, ஜாக்கி, கொத்தனார் நூல் எல்லாம் பரப்பிக் கிடந்தன. சமையலறைக்கு வாங்கி மிஞ்சிய டைல்ஸைக் கேட்காமல் எடுத்து, இரண்டிரண்டாக அடுக்கி, நடுவில் கிரீஸ் தடவி முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்தார். திருகும்போது சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் வழுக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, இதைக் கடையில குடுத்து அலைன்மென்ட் பண்ணுனா ஆகாதுங்களா?"

"அங்க இருக்கற கம்ப்யூட்டருக்கு இந்த வண்டியத் தெரியாது" என்றார். இதையும் என் காதைப் பார்த்துத்தான் சொன்னார்.

காரின் இரண்டு பக்கமும் சக்கர உயரத்தில் நூலை இழுத்துக் கட்டினார். நூலிலிருந்து சக்கரத்தின் முன் விளிம்பு எவ்வளவு தூரம், பின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். இரும்பு ஸ்கேலை என் கையில் கொடுத்து, "படி" என்றார். நீங்களே பாருங்களேன் என்றேன். "நீ படி புள்ள." இடது சக்கரம் இவரைப் போலவே ஓரமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அளவைச் சொல்ல, அவர் அடியில் மல்லாந்து படுத்து, சக்கரத்தைத் திருப்பும் ராடைத் தடவித் தடவியே திருகினார். நாளைக்கு அந்தத் தாடிக்காரனிடம், என் சம்சாரமே அளந்து பார்த்தாள் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் மூட்டை வந்தது. ஓட்டுகிறவர் பாரம் சீட்டில் இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்று, சோலூர் உருளைக்கிழங்கைச் சாக்கில் போட்டு, தேயிலை நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டினார். முள்ளையும் நான்தான் படிக்க வேண்டும். ஐம்பத்தாறு கிலோ என்றேன். "போதும்" என்று இறக்கி டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு, மறுபடியும் காருக்கு அடியில் புகுந்தார்.

இவர் எடை எண்பதுக்கு மேலே. ஐம்பத்தாறு கிலோவில் இந்தக் காரை ஓட்டப்போவது யார்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அந்தத் தாடிக்காரனுக்குத்தானுங்களே இந்த மூட்டை? எங்கப்பன் காரை என்னையக் கேக்காமயே வித்துப்போட்டீங்களா?"

காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்கெதுக்குக் குடுக்கறேன்? அது உன்ற எடை புள்ள. போன மாசம் மெடிக்கல் கேம்ப்புல நிறுத்துப் பாத்தமில்ல. இனிமே நீதான் ஓட்டோணும்."

"ஏன், உங்களுக்கு என்ன கேடு?"

"கண்ணு. நடுவுல கருப்பா ஒண்ணு நிக்குது. நேராப் பாத்தா ஒண்ணுந் தெரியறதில்ல, ஓரத்துலதான் தெரியுது. வண்டியத் தொடவே கூடாதுன்னு கோயமுத்தூர்ல டாக்டர் சொல்லிப்போட்டாரு."

"அப்ப அந்தக் காட்டெருமை?"

"எருமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. செவுரு அங்கயேதான் இருந்துச்சு."

நான் லேசில் நம்பிவிடுகிறவளா? மூன்று விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டி எத்தனை என்று கேட்டேன். "கையே தெரியல" என்றார். கையை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்தினேன். "மூணு" என்றார்.

முதலில் கோபம்தான் வந்தது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் போன மாதம் என்னை ஊட்டிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினாரா என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். கத்தி முடித்தபோது பயம் வந்தது. அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்கேலை எடுத்து மறுபடியும் அளந்தேன்.

"சொல்லியிருக்கலாமில்லீங்க."

"இழுக்கற வண்டிய எப்புடி உன்ற கையில குடுக்கறது? செரி பண்ணிப்போட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

மத்தியானம் வேலை முடிந்தது. மூட்டையை இறக்கிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீரிங் அவர் சொன்னபடி கையைக் கழற்றத்தான் பார்த்தது. முதல் கியரிலேயே மேடேறி, வளைவுகளில் வைதுகொண்டே ஓட்டினேன். எங்கள் பக்கம் நேரான ரோடு என்றால் ஃபேக்டரிக்கு முன்னால் இருக்கும் கொஞ்ச தூரம் மட்டும்தான். அங்கே வந்ததும், "கைய லேசா விட்டுப் பாரு" என்றார். விட்டேன். கார் எந்தப் பக்கமும் சாயவில்லை.

"நேராப் போவுதுங்களே!" என்று திரும்பினேன். மனுஷன் ரோட்டையே பார்க்கவில்லை. என் காதைத் தாண்டி, என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

"இத்தனை பாடுபட்டு வண்டிய நிமித்திப்போட்டு, அங்க என்ன வேடிக்கை பாக்கறீங்க?"

"வேடிக்கையா? உன்னத்தான் புள்ள பாத்துட்டிருக்கேன்."

ஃபேக்டரி வளைவு வந்துவிட்டது. நான் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.