பதினேழாம் எண்

போன மாதம் எங்களை ஒரு பயிற்சிக்கு உட்காரவைத்தார்கள். நெருக்கடிக் காலத்திலும் நம் கல்வி அமைப்பு தாக்குப்பிடித்து நின்றது என்று ஓர் அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்றது அமைப்பா? யார் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும்.

கொரோனாவில் பள்ளியை மூடியபோது, உழவர்கரையில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வருகை எடுப்பேன். பிள்ளைகள் தங்கள் எண்ணைப் போட்டு ‘உள்ளேன் மிஸ்’ என்று அனுப்ப வேண்டும். முதல் ஆளாக வருவது பதினேழாம் எண். கெட்டிக்காரப் பெண். ஆனால் ஒரு மாதமாகியும் வீட்டுப்பாடம் ஒன்றுகூட வரவில்லை. அவ்வளவு திமிரா என்று வகுப்பு நடுவிலேயே போன் போட்டேன். லாரி ஹாரன் சத்தத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது.

“நான் அவ அப்பா மிஸ். இங்க மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில கம்பெனி கேட்ல நிக்கிறேன்.”

வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து வாட்ச்மேனாக இருக்கிறவர். வீட்டுக்கு ஒரே போன். அது காலை ஏழு மணிக்கே அவரோடு கிளம்பிவிடும்.

“அப்போ தெனமும் உள்ளேன்னு போடுறது யாரு?”

“நான்தான். பேரை அடிச்சிட்டீங்கன்னா புள்ள படிப்பு போயிடுமே மிஸ். அதான் பத்து மணி ஆனா ஒடனே போட்டுடுவேன்.”

ஒரு மாதமாக நான் பாடம் நடத்தியது கம்பெனி கேட்டுக்குத்தான். வெட்கமாக இருந்தது.

விசாரித்தால் பாதி வகுப்புக்கு இதே கதை. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

“பாடம் கேக்காத புள்ளைங்க பேரை அடிச்சிடுங்க டீச்சர். மேலேருந்து உத்தரவு.”

“அடிக்கணும்னா நீங்களே அடிங்க சார். நான் அடிக்க மாட்டேன். நாளையிலேருந்து காலையில ஆறு மணிக்கு கிளாஸ் எடுக்குறேன்.”

“அது ஸ்கூல் நேரமே இல்லையே!”

“போன் வீட்ல இருக்கிற நேரம் அதுதான் சார்.”

முணுமுணுத்தார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து என் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே இயற்கணிதம் தொடங்கியது. கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதில் எழுதிப் போட்டேன், வகுப்பை நிறுத்தவில்லை.

பள்ளி திறந்த அன்று பதிவேட்டைப் பிரித்து ‘பதினேழு’ என்றேன். “உள்ளேன் மிஸ்!” அவள் குரலேதான். ஜன்னலுக்கு வெளியே, மகளைக் கொண்டுவிட வந்து நின்ற காக்கிச் சட்டைக்காரரின் கை, பழக்கதோஷத்தில் பாக்கெட்டிலிருந்த போனுக்குப் போனது.

இதைத்தான் பயிற்சியில் எழுந்து சொன்னேன். நேரமாகிறது, உட்காருங்கள் என்றார் அதிகாரி. கேட்டில் நின்றவரைப் பற்றி முழுதும் சொல்லி முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.