ஒரு சூரியன், மூன்று வருஷப் பிறப்பு

தொண்ணூறுகளின் கடைசியில், ஸ்காபரோ தொழிற்சாலை ஒன்றில் பின்னேர ஷிப்டில் பிஸ்கட் பெட்டி அடுக்கியவர்கள் நாங்கள் மூன்று பேர். நான் யாழ்ப்பாணம். மற்ற இருவரும் வங்காளிகள். ஒருவர் டாக்கா, ஒருவர் கொல்கத்தா. எங்கள் சித்திரை முதலாம் நாள்தான் அவர்களுடைய வைசாக மாதத்தின் முதல் நாள், வருஷப் பிறப்பு. ஆனால் டாக்காக்காரர் ஏப்ரல் பதினான்கு என்பார், கொல்கத்தாக்காரர் பதினைந்து என்று சாதிப்பார். "ஒரு மொழி, ஒரு கலண்டர், வருஷப் பிறப்பு மட்டும் இரண்டா?" என்று நான் கேலி செய்யாத வாரமில்லை.

அந்த வருஷம் சூப்பர்வைசர், ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் லீவு என்றுவிட்டார். மனைவி கனடாவுக்கு வந்த பிறகு முதல் வருஷப் பிறப்பு அது. வீட்டில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கள் கலண்டரிலும் பதினான்கு. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டாக்காக்காரரோடு மல்லுக்கு நின்றேன்.

"உங்கள் ஆட்களுக்குத்தான் பதினைந்தும் இருக்கிறதே, அதை எடுங்களேன்."

"எங்கள் நாட்டில் பதினான்கு என்று நிரந்தரமாக வைத்துவிட்டார்கள்," என்றார் மெதுவாக. பிறகு, "சரி, நீயே எடு," என்றார்.

வேலை முடிந்ததும் கொல்கத்தாக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அன்று பின்னேரம் அவருடைய மகள் முதல் தடவையாக மேடையில் பாடுகிறாள். தெரியுமா உனக்கு?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தாள்.

"உது இலங்கை நேரமெல்லோ? அங்கை பதினாலு விடியப்புறம் எண்டால் இஞ்சை பதின்மூண்டு பின்னேரம். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம், திருக்கணித பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லுது. ஆனா ரெண்டுக்கும் பதின்மூண்டுதான்."

"அப்ப எங்களுக்கும் ரெண்டோ?"

"ஓம். அவையளைப் பகிடி பண்ணினதுக்கு உங்களுக்கு நல்லா வேணும்."

உடனே டாக்காக்காரருக்கு போன் எடுத்து, பதினான்கு உங்களுக்கே, எனக்குப் பதின்மூன்று போதும் என்றேன். அவர் வீட்டுக்குள் திரும்பி ஏதோ கத்தினார். ஒரு சிறுமி கூச்சலிட்டுக் குதிப்பது கேட்டது. எனக்கும் குதிக்கத்தான் தோன்றியது.

பதினான்காம் திகதி பின்னேரம் பெட்டி அடுக்க நானும் கொல்கத்தாக்காரரும்தான். "இன்றைக்கு வருஷப் பிறப்பே இல்லை, நாளைக்குத்தான்," என்று முறுகிக்கொண்டே வேலை செய்தார். ஏழு மணிக்கு மணிக்கூட்டைப் பார்த்தார். கை நின்றது. "இப்போது பாடிக்கொண்டிருப்பாள்," என்றவர், அவள் பாடவிருந்த பாட்டை மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினார். பெல்ட்டில் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. அவர் பாட்டை முடிக்கும்வரை அவருடைய பெட்டிகளையும் நானே அடுக்கினேன்.