எட்டயபுரம் வரை அவளோடு

திருச்செந்தூருக்கு நடக்கலாமா என்று முதலில் கேட்டது அவள்தான். தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் காலண்டர் சீசன் முடிந்து, மிச்சம் கிடந்த தாள்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தோம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் வந்தது.

“இந்த வருசம் நானும் மாலை போடுறேன்டி. நீயும் வா. ஒன் தங்கச்சி கைக்காக வேண்டிக்கிட்டு நட. முருகன் கண்ணத் தெறப்பான்.”

டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, “சரி, வாரேன்” என்றேன். அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று போனை வைத்துவிட்டேன்.

அவளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பத்தாவது முடித்ததும் நான் அச்சகத்துக்குப் போனேன், அவள் பட்டாசு ஆலைக்குப் போனாள். திரி வைக்கிற வேலையில் சேர்ந்தவள், கை வேகத்தாலும் வாய்ச் சாமர்த்தியத்தாலும் நாலைந்து அறைகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஆனாள். என் தங்கையை அந்த ஆலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் தங்கை உட்கார்ந்திருந்த அறை வெடித்தது. பக்கத்தில் இருந்த பெண் அங்கேயே செத்துப்போனாள். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் தங்கை பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டதில் தலையை முழுதாகத் திருப்ப முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஊருக்குள் பேச்சு வந்துவிட்டது. வெடிமருந்தை அவள்தான் முரட்டுத்தனமாக இடித்தாளாம். சொன்னால் கேட்க மாட்டாளாம். அவளால்தான் அந்தப் பிள்ளை போச்சாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். செத்துப்போன பெண்ணின் அம்மா எங்களுக்கு அடுத்த தெரு. சண்டைக்கு வரவில்லை. தெருக்குழாயில் என் தங்கை குடத்தை வைத்தால், அந்த அம்மா தன் குடத்தைப் பாதி நிரம்பியிருந்தாலும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். தங்கை தண்ணீருக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் வாசலுக்கு வருவதையும் நிறுத்தினாள்.

தோழி என்னை நடக்கக் கூப்பிடுவதற்குப் பதினோரு நாள் முன்னால், தங்கையின் நஷ்டஈட்டு வழக்கு என்ன ஆச்சு என்று கேட்கப் போன இடத்தில் வக்கீல் குமாஸ்தா மூன்று தாள்களைக் கொடுத்தார். “இதையும் ஒரு பிரதி வச்சுக்கங்கம்மா” என்றார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஆலைத் தரப்பில் ஒருவர் கொடுத்த வாக்குமூலம். பஸ் ஸ்டாண்டில் நின்று வாசித்தேன். கீழே என் தோழியின் கையெழுத்து இருந்தது. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து மேலே கொண்டுபோகும் கையெழுத்து. எட்டாம் வகுப்பில் அப்படிப் போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தேதியைப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கி வந்து, தோலுரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக என் தங்கை வாயில் வைத்தாள்.

நடைப்பயணத்துக்குப் பேர் கொடுத்தவர்களின் பட்டியலில் செத்துப்போன பெண்ணின் அம்மாவும் இருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பாதை தெளிந்தது. மாலை போட்ட அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆனைக்குட்டம் அணைக்கரையில் வெறுங்காலோடு நடந்து பழகினேன். கல்லும் முள்ளும் பட்டு உள்ளங்கால் காய்த்துப்போனது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. காலுக்கு உறை போட்டுக்கொள்ளலாமா என்று அவள் கேட்டபோது, “சாமி காரியத்துல அதெல்லாம் என்னத்துக்கு, வெறுங்கால்தான் கணக்கு” என்றேன். அவளுக்குக் குதிகால் வலி உண்டு என்று எனக்குத் தெரியும்.

முதல் நாள் விடியும்போது தாயில்பட்டியிலிருந்து கிளம்பினோம். முப்பது பேர், பச்சைச் சேலையும் பச்சை வேட்டியுமாக. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி பாட்டுப் போட்டபடி முன்னால் போனது. ஏழாயிரம்பண்ணை போகும் சாலையில் இரண்டு பக்கமும் ஆலைகளின் வெள்ளைச் சுவர்கள், நடுவில் வேலிக்கருவேல். அவள் என் பக்கத்தில் சந்தோசமாக நடந்தாள். பள்ளிக்கூடக் கதைகளைப் பேசினாள். நான் அவளை வேகமாக நடக்க வைத்தேன். அவள் பின்தங்கும்போதெல்லாம் நின்று, கையைப் பிடித்து இழுத்து, “அந்தா தெரியுது பாரு, அந்த வளைவு தாண்டுனா மோர்ப்பந்தல்” என்பேன். வளைவு தாண்டி இன்னொரு வளைவு இருக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் தார் சுட ஆரம்பித்தது. சாலை ஓரத்து மண்ணில் நான் நடந்துகொண்டு, அவளுக்குத் தார்ப்பக்கத்தை விட்டேன்.

மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். உள்ளங்கால் சிவந்திருந்தது.

“நீ எப்பிடிடி நடக்க? ஒனக்கு ஒண்ணும் ஆகலயா?”

“மனசுல ஒரு வேண்டுதல் இருந்தா கால் வலி தெரியாது” என்றேன். பொய் இல்லை அது.

அவள் தலையை ஆட்டினாள். “தங்கச்சி எப்படி இருக்கா? கை மடக்குதாளா?”

“இல்ல.”

“பாவம்டி” என்றாள். என் முழங்காலில் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்து முறுக்க வேண்டும் போல இருந்தது. எழுந்து போய்ச் சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நின்றேன். அவளுக்கும் சேர்த்துத்தான் வாங்கி வந்தேன். மூன்று நாளும் அவளுக்கு நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். சுற்றியிருந்தவர்கள், சிநேகிதம்னா இப்படி இருக்கணும் என்றார்கள்.

இரண்டாம் நாள் கோவில்பட்டிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது அவள் காலில் கொப்புளம் விழுந்தது. இரண்டு குதிகாலிலும் எலுமிச்சம்பழ அளவு. குழுவைக் கூட்டிப்போன குருசாமி வந்து பார்த்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு எடுத்தால் நீர் வடிந்துவிடும் என்றார். “நீங்க பாருங்க சாமி, ஒங்க சிநேகிதிதான” என்று ஊசியை என்னிடமே கொடுத்தார்.

மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரில் அவள் காலை வைக்கச் சொன்னேன். உப்பை ஒரு கை கூடவே போட்டிருந்தேன். ஊசியை ஒரே ஏற்றாக ஏற்றாமல் மெல்ல மெல்ல ஏற்றினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போது என் தங்கை கத்துவது மாடிப்படி வரை கேட்கும். அதை நினைத்துக்கொண்டே நூலை இழுத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. எழுதுவதற்கு நன்றாக இல்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்தது.

“ஒனக்குக் கை நடுங்கவே இல்லடி” என்றாள் அவள், நன்றியோடு.

வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார் குருசாமி. அவள் மறுத்துவிட்டாள். அன்று முழுக்க முன்பாதத்தை ஊன்றி நடந்து கோவில்பட்டி வந்து சேர்ந்தாள். அவளுடைய அந்தப் பிடிவாதம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை நினைத்து ஒரு நிமிசம் பெருமையாகக்கூட இருந்தது. உடனே என் மேலேயே கோபம் வந்தது.

மூன்றாம் நாள் எட்டயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்களுக்கு ஓய்வு. சாப்பாடு முடிந்து ஆண்கள் வெளியே மரத்தடியில் படுத்துவிட்டார்கள். உள்ளே பெண்கள் மட்டும் மின்விசிறிக்கு அடியில் பாய் விரித்திருந்தோம். செத்துப்போன பெண்ணின் அம்மா சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பையிலிருந்து தாள்களை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“பெரியம்மா, ஒரு காயிதம் இருக்கு. ஒங்க மக எறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஆபீசருக்குக் குடுத்தது. நீங்க கேக்கணும்.”

அவர் என்னைப் பார்க்காமலேயே, “எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார்.

“படிக்க ஆள் இருக்கு” என்றேன். திரும்பி என் தோழியைக் கூப்பிட்டேன். அவள் காலைத் தாங்கித் தாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தாளை அவள் கையில் கொடுத்தேன்.

“பெரியம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு.”

அவள் முதல் வரியைச் சாதாரணமாகத்தான் வாசிக்க ஆரம்பித்தாள். ஆலைக்கு வரும் காகிதங்களை வாசித்துப் பழகிய குரல். இரண்டாவது வரியில் குரல் தேய்ந்தது. தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வாசி” என்றேன்.

“இங்கன வேணாம்டி.”

“நீ வாசிக்கலேன்னா நான் வாசிப்பேன். சத்தமா வாசிப்பேன்.”

பக்கத்துப் பாய்களில் பேச்சு நின்றுபோனது. அவள் வாசித்தாள். மேற்படி பெண் தொழிலாளி பலமுறை எச்சரித்தும் கேளாமல் மருந்தை வேகமாக இடித்ததை நான் நேரில் பார்த்தேன் என்று வாசித்தாள். சம்பவ நேரத்தில் மேற்படி அறையில் அனுமதிக்கப்பட்ட நான்கு பேர் மட்டுமே இருந்தனர் என்று வாசித்தாள். ஆலை நிர்வாகத்தின் மீது எந்தத் தவறும் இல்லை என்று வாசித்தாள். முடிந்ததும் தாளை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள்.

அந்த அம்மா வெற்றிலையைக் கீழே வைத்தார். “அன்னைக்கு அந்த ரூம்புல எம்புட்டுப் பேரு இருந்தாக?”

அவள் மடியில் இருந்த தாளின் ஓரத்தை மடித்து மடித்து விட்டாள்.

“மாலை போட்டுருக்க. சொல்லு.”

“ஒம்பது பேரு.”

“இந்தப் பிள்ளையோட தங்கச்சி இடிச்சத நீ பாத்தியா?”

“பாக்கல பெரியம்மா. நான் அப்ப அங்கன இல்ல. லோடு ஏத்துற எடத்துல நின்னேன்.”

யாரோ ஒருத்தி “அடிப்பாவி” என்றாள், மெதுவாக. அந்த அம்மா கையை நீட்டித் தாள்களை வாங்கினார். கையெழுத்து இருந்த இடத்தைக் காட்டி, “இதுதான் ஒன் பேரா?” என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அவர் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்காக மடித்து, “இத நான் வச்சுக்கிடுதேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். பாயைச் சுருட்டி எடுத்து மண்டபத்தின் மறு கோடிக்குப் போய்ப் படுத்தார். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாகப் பாயை நகர்த்தினார்கள். ஊர் திரும்பியதும் அந்த அம்மா தெருவில் வீடு வீடாகப் போய், படிக்கத் தெரிந்தவர்களிடம் அந்தத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். நான்கூட அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை.

கை கழுவுகிற இடத்துக்கு அவள் என் பின்னாலேயே வந்தாள்.

“தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்லடி.”

“தனியாக் கேட்டா தனியாத்தான் பதில் சொல்லுவ. ஊருக்குச் சொல்ல மாட்ட.”

“அவுக எழுதி வச்சிருந்தாக. கையெழுத்துப் போடலேன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவேன்னாக. ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?”

“போட்டிருக்க மாட்டேன்” என்றேன். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அப்போது அதைச் சொல்வதில் ஒரு ருசி இருந்தது.

“சாத்துக்குடி எதுக்குடி வாங்கிட்டு வந்த?” என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்குப் புரியாமல் இருந்தது.

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். இப்போதும் அவள் அதே ஆலையில் அதே வேலையில் இருக்கிறாள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டது கிடையாது.

மறுநாள் காலையில் அவள் ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் மண்டபத்து வாசலில் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பி நின்றாள். குருசாமிக்கு விசயம் தெரிந்திருந்தது. அவளைத் தாண்டி முன்னால் போனார். நாங்கள் எப்போதும்வென்றான் என்ற ஊரைப் பார்த்து நடந்தோம். அவள் எல்லோருக்கும் பின்னால், தனியாக, முன்பாதத்தை ஊன்றி வந்தாள். யாரும் அவளுக்காக நிற்கவில்லை. நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். இரக்கத்தால் இல்லை. எங்கள் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டே அவள் வருகிறாளா என்று தெரிய வேண்டியிருந்தது.

பத்து மணி வாக்கில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று தங்கைக்குப் போன் செய்தேன். நான் எதற்காக நடக்கப் போனேன் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை கூப்பிட்டேன்.

“இருக்கேன்” என்றாள். “அவளே வாசிச்சாளா?”

“அவளே வாசிச்சா.”

“பெரியம்மா கேட்டாகளா?”

“கேட்டாக. எல்லாரும் கேட்டாக.”

என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய் என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். குழு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வண்டியின் பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

“முதல்ல இருந்து சொல்லுக்கா” என்றாள் அவள். “மெதுவாச் சொல்லு.”

நான் நடந்துகொண்டே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.