காட்டு வண்டிக்கு ஒரு நம்பர் பிளேட்

"உது காட்டில ஓடுற சாமான், பிள்ளை. உதுக்கு ஆர் நம்பர் பிளேட் தரப்போறான்?"

மாமா இதைக் கேட்டபோது நாங்கள் இரண்டு பேரும் அவருடைய வான் வண்டியிலிருந்து அந்த மோட்டார் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தோம். முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தை அவரும் பிடித்திருந்தோம். கேட்டுவிட்டு, கையில் அப்பிய சேற்றைத் தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. கார்ட்டியர்வில்லில் ஒரு வீட்டின் பின்கொட்டிலில் இரண்டு குளிர்காலம் படுத்துக் கிடந்த வண்டி அது. மரங்களுக்கிடையில் ஓட்டுவதற்குப் பாரம் குறையவேண்டும் என்று அதன் சொந்தக்காரர் முன்விளக்கு, பின்விளக்கு, பக்கக் கண்ணாடி, ஹோர்ன், வேகமானி எல்லாவற்றையும் கழற்றி வீசியிருந்தார். மிஞ்சியது எஞ்சினும் இரண்டு சில்லும் கிழிந்த இருக்கையும்தான்.

ஆனால் வாங்குவதற்கு முன்னமே நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். ஹாண்டிலுக்குக் கீழே, சட்டத்தின் கழுத்துப் பகுதியில், ஒரு சின்னத் தகடு. நகத்தால் சேற்றைச் சுரண்டி வாசித்தேன். வீதியில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட வண்டி என்று அதில் பொறித்திருந்தது. காட்டுக்கென்றே செய்த வண்டியில் அந்த வரி இருக்காது. அப்படிப்பட்டதற்கு எத்தனை விளக்குப் பூட்டினாலும் பதிவு கிடைக்காது. இதற்கோ கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டி, அனுமதி பெற்ற ஒரு கராஜில் பரிசோதனையில் தேறினால் போதும். நூலகத்தில் உட்கார்ந்து, பிரெஞ்சில் எழுதிய விதிகளை மூன்று தரம் வாசித்துத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

வாசிப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவருடைய தம்பியான மாமா அதற்கும் முன்னரே நின்றவர். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருக்கும் எங்கள் கட்டடத்துக்கு வருகிற கடிதங்களில் பாதியை நான்தான் உடைத்து வாசித்துச் சொல்வேன். பதின்மூன்று வயதிலிருந்து மற்றவர்களுக்காகப் படிவம் நிரப்பியவள், முதன்முதலாக என் பெயரை மட்டும் எழுதுகிற ஒரு படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதை மேசையில் வைத்துவிட்டு அடிக்கடி போய்ப் பார்த்தேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் நகரம் இருக்கும் ஆற்றுத் தீவின் மேற்கு நுனியில் ஒரு பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில், மண் மாதிரி எடுக்கும் கோடைகால வேலை எனக்குக் கிடைத்திருந்தது. நான் படித்த படிப்புக்காகக் கிடைத்த முதல் வேலை. ஜூன் முதலாம் திகதி, ஒரு புதன்கிழமை, காலை ஆறு மணிக்கு வயலில் நிற்கவேண்டும். முதல் மெட்ரோவைப் பிடித்து, பிறகு இரண்டு பஸ் மாறினாலும் ஏழேகாலுக்குத்தான் போய்ச் சேரலாம். பிந்தி வரலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். ஆறு மணிக்கு வரமுடியாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடவேண்டியிருக்கும் என்று அங்கிருந்த பெண் மரியாதையாகச் சொன்னார். மாமாவின் வான் விடியமுன்னமே பேக்கரியில் பாண் ஏற்றிக்கொண்டு கடைகளுக்குப் போய்விடும். மோட்டார் சைக்கிள் ஓட்டும் லைசன்ஸ் முந்தின வருடமே எடுத்து வைத்திருந்தேன். இல்லாதது நம்பர் பிளேட் மட்டும்தான். கையில் ஆறு கிழமை இருந்தது.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய ஒழுங்கைதான் என் கராஜ். இல்லாத விளக்குகள், சிக்னல்கள், ஹோர்ன் எல்லாவற்றையும் பழைய சாமான் கடையில் தேடி வாங்கி வந்திருந்தேன். அம்மா தையல் தொழிற்சாலையால் வந்ததும் தேநீரோடு அங்கே வந்து நிற்பார். முதல் நாள் நான் வயர்களோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். எல்லா வயரும் பழுப்பேறி ஒரே நிறமாக இருந்தன. அம்மா உள்ளே போய் நூல் பெட்டியோடு வந்தார். தொழிற்சாலையில் வெட்டிய துண்டுகள் கலந்துபோகாமல் இருக்க அவர்கள் நூல் கட்டுவார்களாம். முன்விளக்குக்கு மஞ்சள், பின்விளக்குக்குச் சிவப்பு, ஹோர்னுக்குப் பச்சை என்று நான் சொல்லச் சொல்ல முடிச்சுப் போட்டார். இத்தனை இருந்தும் முதற்தரம் ஹோர்னை அமத்தியபோது இடப்பக்கச் சிக்னல் விளக்குத்தான் மின்னியது. மாமா மாடிப்படியில் இருந்து சிரித்துச் சிரித்து இருமினார்.

கிழிந்த இருக்கைக்கு அம்மாவே கறுப்பு ரெக்சின் வெட்டித் தைத்தார். கடையில் வாங்கினால்கூட அப்படி ஒரு தையல் கிடைத்திராது. நான் புது டயர்கள் போட்டேன். காற்று வடிகட்டியின் பஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்தபோது இரண்டு வருடத்துக் காடு வாளிக்குள் இறங்கியது. மே கடைசிக்குள் எல்லாம் எரிந்தது, மின்னியது, கத்தியது. பரிசோதனைக்குத் திங்கட்கிழமை நேரம் எடுத்தேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா வண்டிக்கு ஒரு சின்னப் பூசை செய்தார். தேசிக்காய், கற்பூரம், ஹாண்டிலில் சந்தனப் பொட்டு. முடிந்ததும், நீ போய்க் குளி, நான் துடைச்சு வைக்கிறன் என்று என்னை உள்ளே அனுப்பிவிட்டார். மறுநாள் பார்த்தபோது முன்சில்லின் பிரேக் தட்டுக்கூடக் கண்ணாடிபோலப் பளபளத்தது. என் வண்டி, என் கைவண்ணம் என்று எனக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை மாமாவின் வானில் ஏற்றிக் கராஜுக்குக் கொண்டுபோனோம். பரிசோதகர் தடிமனோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொன்றாக அமத்தியும் ஆட்டியும் பார்த்து அடையாளம் போட்டுக்கொண்டு வந்தார். சட்டத்தின் கழுத்தில் இருந்த தகட்டைக் குனிந்து வாசித்துத் தலையாட்டினார். கடைசியாக வண்டியைத் தள்ளிக்கொண்டே முன்பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. இன்னொரு தரம் இறுக்கிப் பிடித்தார். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் தட்டில் விரலைத் தேய்த்து, என்னிடம் நீட்டிக் காட்டினார். எண்ணெய்.

பிரேக் பிடிக்காத வண்டிக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அது சரிதானே. நாளை இரண்டு மணிக்குள் திருத்திக்கொண்டு வந்தால் மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். நாளை செவ்வாய். நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் வயலில் நிற்கவேண்டும். திரும்பி வரும்போது மாமா மேடு பள்ளம் பார்த்து வானை மெதுவாக ஓட்டினார். அவர் நக்கலடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு சொட்டு மெஷின் எண்ணெய்தான் விட்டுத் தேய்ச்சனான்," என்றார் அம்மா. "வெள்ளிக்கிழமையில ஃபக்டரியில எல்லா மெஷினுக்கும் விடுறனாங்கள். இரும்பெண்டால் எண்ணெய் கேக்கும்தானே?"

"எல்லா இரும்பும் கேக்கும் அம்மா. இந்தத் தட்டு மட்டும் கேக்காது. இதை ரெண்டு கட்டை இறுக்கிப் பிடிச்சால்தான் சில்லு நிக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும்."

அம்மா குனிந்து தட்டைத் தொட்டு, விரல்களை உரசிப் பார்த்தார்.

"அப்ப இது மெஷின் இல்லை, துணி," என்றார். "துணியில எண்ணெய் பட்டால் அந்தத் துண்டு கழிவுதான்."

நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டேன். கட்டைகள் எண்ணெயைக் குடித்துவிட்டன, அவற்றை மாற்றத்தான் வேண்டும். தட்டைச் சுத்தமாக்கலாம். அந்த வேலையை அம்மா என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். கறை எடுக்கும் ஸ்பிரிட்டையும் வெள்ளைத் துணித் துண்டுகளையும் எடுத்துவந்து, ஒரு துண்டால் தேய்ப்பதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் எறிவதுமாக இருந்தார். பதினோராவது துண்டு வெள்ளையாகவே வந்தது. அதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் சமைக்கப் போனார்.

செவ்வாய் காலை மோட்டார் சைக்கிள் கடை திறக்கும்போது வாசலில் நின்ற முதல் ஆள் நான். பத்தரைக்குப் புதுக் கட்டைகள் பூட்டியாயிற்று. ஆனால் புதுக் கட்டை உடனே பிடிக்காது. ஓடுவதும் பிரேக் பிடிப்பதுமாகப் பல தரம் தட்டோடு பழக்கவேண்டும். பிளேட் இல்லாமல் எங்கே ஓடுவது? எஞ்சினை அணைத்துவிட்டு நான் ஏறி இருந்தேன். பாண் கொடுத்துவிட்டு வந்த மாமா பின்னாலிருந்து தள்ளினார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நின்ற அம்மா பக்கவாட்டில் தள்ளினார். ஒழுங்கையின் அந்த முனைவரை தள்ளுவார்கள், நான் பிரேக் பிடிப்பேன், மறுபடி தள்ளுவார்கள்.

"ஐம்பத்திரண்டு வயசில என்னை மாடாக்கிப் போட்டாள்," என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மாடு கதைக்காது, தள்ளு," என்றார் அம்மா.

முதல் பத்துத் தரம் வண்டி சோம்பலாக நின்றது. இருபதுக்குப் பிறகு கொஞ்சம் கடித்தது. மூன்றாம் மாடிப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த கிரேக்கப் பெண்மணி வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது தரமோ என்னவோ, நான் பிடித்த பிடியில் வண்டி அப்படியே நட்டதுபோல நின்றது. மாமா வந்த வேகத்தில் என் முதுகில் மோதினார். மேலேயிருந்து கைதட்டல் கேட்டது. எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

ஒன்றே முக்காலுக்குக் கராஜில் நின்றோம். பரிசோதகர் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது மட்டுமல்ல, பின்சில்லு ஒரு விரற்கடை எழும்பியது. இருக்கையின் கீழே எட்டிப் பார்த்து, வயர்களில் கட்டிய நூல்களைப் பற்றிக் கேட்டார். அம்மாவின் முறை என்றேன். இதைவிடக் குழப்பமான வேலைகளைக் கடைக்காரரே செய்து கொண்டுவருவார்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பதிவுக் கருமபீடம் மூடமுன் நான் ஓடிப்போய், என் பெயர் எழுதிய படிவத்தை நீட்டினேன். பிளேட் கைக்கு வந்தது. மாமா ஸ்குரூட்ரைவரைக் கேட்டு வாங்கி, இரண்டு ஆணியையும் தானே முறுக்கினார்.

புதன்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக நான் பண்ணை வாசலில் நின்றேன். வழியெல்லாம் ஆற்றுக் காற்று. யாரும் கேட்காமலே இரண்டு இடத்தில் சிக்னல் போட்டுப் பார்த்தேன்.

அந்தக் கோடையில் வயல் தூசி வடிகட்டியை அடைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதைக் கழுவி எண்ணெய் ஊற்றிப் பிழிவேன், செயினைத் துடைப்பேன், சில்லுக் கம்பிகளைத் தட்டித் தளர்வு பார்ப்பேன். மூன்றாம் கிழமை பண்ணையில் மண் கிளறும் சின்ன இயந்திரம் ஒன்று ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன், அதே அடைப்பு. கழுவிப் போட்டதும் ஓடியது. அதற்குப் பிறகு என்னைக் காலையில் மண் மாதிரிக்கும் மத்தியானம் இயந்திரக் கொட்டிலுக்கும் அனுப்பினார்கள். மத்தியானம் எப்போது வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கே ஒப்புக்கொள்ள முடிந்தது.

இப்போது இரண்டாவது கோடை முடிகிறது. பண்ணை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இரண்டு வருடப் படிப்புக்குப் பதிந்துவிட்டேன். வகுப்பு செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. கால்விரல் நுனியில் இரும்பு வைத்த சப்பாத்து போடவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாங்கிவந்து போட்டுப் பார்த்தால் அந்தத் தடிப்பு கியர் மிதிக்குக் கீழே நுழையவில்லை. மிதியைக் கழற்றி, ஒரு பல் மேலே ஏற்றிப் பூட்டினேன். இன்று காலை அந்தச் சப்பாத்தோடு வகுப்பு வாசல்வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தேன். ஐந்து கியரும் சுகமாக விழுகின்றன.