கதவைத் திறந்தது யார்?

டப்ளினில் ஒரு கீற்று வெயில் எட்டிப் பார்த்தால் போதும், திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போய் நிற்கிற ஆளாகிவிட்டேன் நான். விடுமுறைக்கு நெய்வேலி வந்தால், காலை பத்து மணிக்கு வீடு கும்மிருட்டு. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா உள்ளறையில் தூங்குகிறார், ஜன்னல்களிலெல்லாம் போர்வை. இந்த இருட்டில்தான் வளர்ந்தேன் என்பதே மறந்துபோயிருந்தது. பழைய ஹாலிவுட் கொலைப்படம் பார்க்க இதைவிட நல்ல தியேட்டர் கிடைக்காது என்று லேப்டாப்பைத் திறந்தேன். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

உண்மையில் நான் வந்த காரியம் வேறு. மாதக் கடைசியில் அப்பா ரிட்டயர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இருவரையும் என்னோடு அழைத்துப் போய்விட வேண்டுமென்று எனக்கு ஒரே ஆசை. அம்மா சரியென்றால் அப்பாவும் சரி. அவள்தான் ஒரு வாரமாகப் பிடி கொடுக்கவில்லை.

படம் முடிவிலிருந்து தொடங்கியது. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண், சுடப்பட்டுச் செத்த கணவனின் கதையைப் பின்னோக்கிச் சொல்கிறாள்.

"முடிவ மொதல்லயே சொல்லிட்டா அப்பறம் என்னத்தப் பாக்கறது?" என்றாள் அம்மா.

ஆனாலும் எழுந்து போகவில்லை. ஜன்னல் பட்டைகளின் நிழல் அந்தப் பெண்ணின் முகத்தில் கோடு கோடாக விழுந்ததும் இன்னும் கிட்டே நகர்ந்தாள். அப்பாவுக்காகச் சத்தத்தைக் குறைத்திருந்தோம். அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது. நான் வசனத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன், அவள் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரன் ஒருவன் மழையில் வந்து நிற்கிறான். அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள்.

"நிறுத்துடி. அவன் பெல்லே அடிக்கலியே, எப்பிடித் தெறந்தா? எதிர்பாத்துக்கினு நின்னிருக்கா. இவளும் கூட்டு."

படம் அதைச் சொல்ல இன்னும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. நான் அசந்துபோனேன். டப்ளின் ஃபிலிம் கிளப்பில் ஒளி, நிழல், கேமரா கோணம் என்று அலசித் தள்ளுவோம். கதவைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

"மாடியில ஒரு பெரியம்மா இருக்கே, அவளோட அம்மாவா?" என்றாள் பிறகு.

"ஆமாம்மா."

"பெல்லு எத்தினி தடவ அடிச்சிச்சி. அது ஒரு தடவகூடப் போயித் தெறக்கல."

"பொண்ணு வீடும்மா அது."

"அதான்," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான்கு வருடத்துக்கு முன் அம்மா டப்ளினில் என் வீட்டில் மூன்று மாதம் இருந்தாள். பார்சல் கொண்டுவந்தவரை "வாங்க, உக்காருங்க" என்று கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவர ஓடியிருக்கிறாள். அவர் கையெழுத்துக்காக மெஷினை நீட்ட, நீட்டிய கையில் டம்ளரைக் கொடுத்திருக்கிறாள். பாவம், மனிதர் குடித்துவிட்டுத்தான் போனார். சாயங்காலம் நான்தான் பயந்துபோய், "நான் இல்லாதப்ப யார் வந்தாலும் கதவைத் திறக்காதே" என்றேன். அதற்கப்புறம் பெல் அடிக்க அடிக்க அவள் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"இப்ப வந்தா தெறக்கலாமா?" என்று கேட்டாள். கோபமே இல்லை.

திறக்கலாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். யோசித்துவிட்டேன். என் முகத்தையும் அவள் படம் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பண்ருட்டி பக்கமா ஒரு வாடகை வூடு பாக்கச் சொல்லியிருக்கேன் அப்பாவ," என்றாள்.

அப்போது வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"நீ உக்காரு," என்று அம்மா போனாள். கதவு திறந்து வெயில் உள்ளே விழுந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா.

"வாங்க, உள்ள வாங்க," என்றாள் அம்மா. "பொண்ணு ஊர்லேர்ந்து வந்திருக்கா."

என் ஊரென்று டப்ளினைத்தான் சொல்கிறாள்.