செவ்வாய்க்கிழமை மாத்திரை

விரதம் உடம்புக்கு நல்லது என்கிறீர்களே, யாருடைய உடம்புக்கு என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

ஆவுடைத்தாய்க்கு நாற்பத்தெட்டு வயது. தென்காசிப் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு வந்து, பழவங்காடியில் ஓர் ஓட்டலில் பதினொரு வருடமாகக் காய் நறுக்குகிறார். மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார், இவர் விடவில்லை. விரதம் உண்டா என்று டாக்டர் கேட்கவில்லை. செவ்வாய்தோறும் இசக்கியம்மனுக்கு இருக்கும் விரதத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று இவருக்கும் தோன்றவில்லை.

ஓட்டல் முதலாளிக்கும் சர்க்கரை நோய், அவரும் விரதக்காரர்தான். பதினாறு மணி நேரம் பட்டினி. அவருடைய டாக்டர் முதலிலேயே மாத்திரைகளைக் குறைத்து, வாராவாரம் ரத்தம் சோதித்தார். தொப்பை இறங்கியது, சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. பொய்யில்லை, முறையாக இருந்தால் சிலருக்கு வரும். தலை சுற்றினால் உட்கார அவருக்கு நாற்காலி இருந்தது. ஆவுடைத்தாய்க்கு நாற்பது கிலோ வெங்காயம் இருந்தது.

போன ஆடியில் ஒரு செவ்வாய். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு வந்தவருக்குப் பதினொரு மணிக்குக் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. கோயில் கொடைவிழாவில் விரதக்காரர்கள் இப்படி நடுங்கி ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த அடுக்களைப் பெண்கள். அம்மன் வந்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீர் கரைக்க ஓடினாள். தோசை சுடும் ரத்னாபாய் கைகூப்பி நின்றார்.

“தாயி, எம் மவளுக்கு எப்பம் மாப்ள அமையும்? ஒரு வாக்கு சொல்லிட்டுப் போ.”

டீ போடும் சிபி நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவருடைய அப்பாவுக்கும் இதே நோய்.

“சாமியுமில்ல, பூதமுமில்ல சேச்சி. ஷுகர் தாழ்ந்துபோச்சு. மாறி நில்லுங்க.”

விரதம் முறிந்துவிடும் என்று ரத்னாபாய் தடுத்தார். சிபி கேட்கவில்லை. விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்த ஆவுடைத்தாய், எதற்கு எல்லோரும் கும்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் சற்று நேரம் வாக்குக்குக் காத்திருந்தால் அவர்கள் கும்பிட ஆவுடைத்தாய் இருந்திருக்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்து, விரத நாளில் அந்த மாத்திரை வேண்டாம் என்று சீட்டில் எழுதினார். ஒரே வரி. மூன்று வருடம் முன்பே எழுதியிருக்கலாம். கூலிக்காரியின் பட்டினி பக்தியாம், முதலாளியின் பட்டினி மட்டும் வைத்தியமாம்.

ஆவுடைத்தாய் இன்னும் விரதம் இருக்கிறார், உயிரோடு. உங்களிடம் வேலை செய்பவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், பட்டினி கிடக்கும் நாள் எது, அன்று எந்த மாத்திரை என்று இன்றே கேளுங்கள். தெரியாது என்றால், அரைநாள் கூலியைப் பிடிக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.